மூன்றாவது குரல்

கட்டை விரலைக் கவ்விய நண்டை நம்மாள் உதறவேயில்லை. ஆற அமரப் பார்த்துவிட்டு, "எவனோ ஒருத்தன் விரலை நண்டு கடிச்சினுகீது," என்றார்.

"இந்தாய்யா, கையை உதறுய்யா!" என்று குப்பம்மா நண்டைப் பிடுங்கிப் பானையில் போட்டாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் புருஷனைக் கூப்பிடுவது 'இந்தாய்யா'தான். பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று ஊரில் நம்பிக்கை.

போன வருஷம் வரை பசியாவரம் மீனவர் குப்பத்திலேயே பெரிய கோபக்காரர் இவர்தான். யார் எங்கே வலை கட்டுவது என்று முடிவு செய்யும் பாடு குலுக்கலில் தன் பேரெழுதிய ஓலை வரவில்லை என்று குலுக்கல் பானையையே போட்டு உடைத்தவர். அப்புறம் அந்தப் பக்கம் வந்த பரதேசி ஒருவர், "எது நடந்தாலும் எவனுக்கோ நடக்குதுன்னு வேடிக்கை பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே பிடித்துக்கொண்டார் நம்மாள். வலை கிழிந்தால், "எவனோ வலை கிழிஞ்சிச்சி." குப்பம்மா திட்டினால், "எவளோ எவனையோ திட்டறா."

இன்று மறுபடி குலுக்கல். ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் இறால் கொழிக்கிறது. ஓலை விழுந்தவருக்கு இந்த வருஷம் முழுக்க அந்தப் பாடு சொந்தம். அங்கே வேறு யாரும் வலை கட்ட முடியாது. ஆறு வருஷமாக விழாத வீடு இது. கூரை ஒழுகுகிறது, மகள் லோகநாயகியின் கல்யாணம் நிற்கிறது.

"இந்த வாட்டி பானையை உடைச்சிடாதய்யா. உன் கால்ல வுழுறேன்," என்று சொல்லித்தான் குப்பம்மா கூட்டிவந்தாள்.

ஊர் கூடியிருந்த பழைய ஒல்லாந்தர் கோட்டையில் மணி அடித்தது. ஊர்ப் பெரியவர் சகாதேவன் புதுப் பானைக்குள் கையை விட்டார்.

"மூணு வாட்டி கூப்டுவேன். பேருக்கு உடையவன் தானா எந்திரிக்கணும். வேற எவனாவது எடுத்துக் குடுத்தா ஓலை செல்லாது. இன்னா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"தருமன்!"

யாரும் எழவில்லை. நம்மாள் மூச்சை மெல்ல இழுத்து விட்டார். முன்னைப் போல வயிறு எரியவில்லை, அவருக்கே சந்தோஷமாக இருந்தது. எவனோ ஒருத்தனுக்கு விழுந்திருக்கிறது, நன்றாக இருக்கட்டும்.

"தருமன்!"

கூட்டமே நம்மாளைத் திரும்பிப் பார்த்தது. தன் சாந்தத்தைக் கண்டுதான் அசந்துபோயிருக்கிறார்கள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் குந்தியிருந்த வலைக்காரன் கங்காதரன், வாய் தவறிச் சொன்னால் ஓலை செல்லாதே என்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து குப்பம்மா, "இந்தாய்யா! இந்தா!" என்று அலறினாள்.

"எவளோ எவனையோ கூப்பிடறா," என்று நம்மாள் முணுமுணுத்தார்.

"தருமன்!"

மூன்றாவது குரலும் ஓய்ந்தது. சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டு அந்த ஓலையை வீசிவிட்டு வேறொன்றை எடுத்தார். பாடு கங்காதரனுக்குப் போனது. அவன் எழுந்து குதித்தான்.

குப்பம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் நம்மாள் உச்சுக்கொட்டினார்.

"எவனோ தருமனாம், பாவம். ஊமையாட்டம் குந்தினு இருந்துட்டான். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?"

குப்பம்மா அவர் ஆயுசைப் பற்றி இனிமேல் கவலைப்படுவதாக இல்லை.

"டேய் தருமா, அந்த மடையன் நீதான்டா!"