அமாவாசைச் சோறும் மாடித் தளமும்

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரகத்தி செண்பகம்தான் இதை முதலில் சொன்னாள்.

தண்டபாணி என்று ஒருவர் அமாவாசை தவறாமல் மொட்டைமாடிக்கு வருவார். கைப்பிடிச் சுவரில் சோறு வைப்பார், வானத்தைப் பார்த்துக் "கா, கா" என்பார், இறங்கிவிடுவார். காலடியில் இருந்த தளத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

தளம் காக்காயிடம் கெஞ்சியது. "அண்ணே, மழைத்தண்ணீர் போகிற குழாயில் சருகு அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் தேங்கித் தேங்கி எனக்கு விரிசல் விட்டுவிட்டது. இந்த மழைக்கு நான் தாங்கமாட்டேன். நீங்கள் சோற்றைத் தொடாமல் அந்தக் குழாய்கிட்டேயே உட்கார்ந்தால், அவர் கண்ணில் படும்."

"சரி தம்பி, உனக்காக ஒருவேளை பட்டினி கிடக்கிறேன்" என்றது காக்காய். அடுத்த அமாவாசைக்குச் சொன்னபடியே போய் உட்கார்ந்தது.

தண்டபாணி பதறிப்போனார். "அப்பாவுக்கு என்ன குறையோ!" என்று கீழே ஓடி, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"கோபித்துக்கொள்ளாதே தம்பி, நெய் மணக்கிறது" என்று காக்காய் ஒரு பருக்கை விடாமல் தின்றது. தண்டபாணி கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஐப்பசி மழை கொட்டியது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, கூடத்தில் மாட்டியிருந்த அப்பா படத்தின் மேல் சொட்டியது.

"ஐயோ, அப்பா அழுகிறாரே!" என்று தண்டபாணி ஜோசியருக்குப் போன் போட்டார். இனிமேல் நெய்யை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடச் சொன்னார் ஜோசியர்.

செண்பகம் சொன்ன கதை இவ்வளவுதான். நீ இப்போது துணி எடுக்கத்தானே நம் மாடிக்குப் போகிறாய் கண்ணு? அப்படியே அந்தக் குழாய் வாயில் கிடக்கிற இலையை வாரிப் போட்டுவிட்டு வா.