மௌன அஞ்சலி

தெருமுனையிலேயே பைக்கை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சாலையை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். சாவு மேளம் காதைப் பிளந்தது.

"யாருங்க?" என்று பூக்கடைக்காரரிடம் கேட்டார் வார்டு இன்ஜினீயர் திருமுருகன்.

"நம்ம எத்திராஜ் சார். காத்தாலதான். நேத்துகூட நல்லாத்தான் இருந்தாரு, பாவம்." சொல்லிவிட்டுப் பூக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.



நேற்றுத்தான் எத்திராஜ் ஆபீசுக்கு வந்து திருமுருகனின் மேஜைக்கு முன்னால் நின்றார். அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டைக் குரல். சின்னவர், பெரியவர், அதிகாரி என்றெல்லாம் பார்க்கமாட்டார், எல்லாரும் அவருக்கு நைனாதான். ஏரி நிரம்பினாலும் நிரம்பியது, அவர் வீட்டுச் செப்டிக் டேங்க் பொங்கி வாசல்வரை நிற்கிறது. பாதாளச் சாக்கடையோ தெருவின் எதிர்ப்பக்கம் போகிறது. சாலையைக் குறுக்கே வெட்டிக் குழாய் போட்டால்தான் விமோசனம்.

"எம் பொண்டாட்டி நாகம்மாவுக்குக் கால்ல சக்கரப் புண்ணு, நைனா. அந்தத் தண்ணியில கால வச்சிக்கினுதான் கக்கூசுக்குப் போவுது. இன்னும் கொஞ்சம் வுட்டா கால எடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. மனசு வையி நைனா."

"புது ரோடு. மழைக்காலம் வேற. இப்ப வெட்டறதுக்கு பர்மிஷன் கிடையாது. எத்தனை தடவை சொல்றது? வெளியே போங்க!"

"அப்போ நான் செத்தாத்தான் குடுப்பியா நைனா?"

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். கேள்வி மட்டும் போகவில்லை, ராத்திரி முழுக்கத் திருமுருகனின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தது. காலையில் முதல் வேலையாக மேலதிகாரியின் அறை வாசலில் தவம் கிடந்தார். விதி தெரியாதவனா நீ என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு பெண்ணின் கால் போய்விடும் சார் என்று மன்றாடி, அவசரத் தேவை என்று எழுதி, ஒரு வழியாகப் பர்மிஷனில் கையெழுத்து வாங்கிவிட்டார். ஆளை ஆபீசுக்கு வரச் சொல்லாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்து, திட்டியதற்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தார்.

வந்த இடத்தில் இப்படி. ஒரு மாலையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

சாமியானாவுக்கு நடுவே, சாலைக்குக் குறுக்கே நீளமாக, நாலு பக்கமும் துணி கட்டி மறைத்திருந்தது. மேளக்காரர்கள் துணியை ஒட்டி நின்று வெறி பிடித்தவர்கள்போல அடித்தார்கள். அடித்த அடியில் காலடியில் சாலையே அதிர்வதுபோல் இருந்தது.

எத்திராஜின் மகன் தமிழரசு ஓடிவந்தான். முழங்கால்வரை சேறு. இன்ஜினீயரைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"இன்ஜினீரு சார்! நீங்க இன்னா சார் இங்க?" என்று மேளத்தையும் மீறிக் கத்தினான்.

"அப்பாவைப் பார்க்கணும், தம்பி."

"இப்போ முடியாது சார். உள்ள குளிப்பாட்டிக்கினு கீறாங்க. மாலைய எங்கிட்ட குடுத்துட்டுக் கெளம்புங்க சார்."

வெறுப்பு இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டார் திருமுருகன். ஓரமாக நாற்காலியில் நாகம்மா உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலின்மேல் நீட்டியிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னை வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று பெருங்குரலில் அலறினாள். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தமிழரசிடம் நீட்டினார்.

"அப்பா கேட்ட பர்மிஷன். இப்பத்தான் கையெழுத்தாச்சு."

தமிழரசு வாங்கிப் படித்தான். நம்பாமல் மறுபடியும் படித்தான். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான்.

"இத நேத்தே குடுத்திருந்தா இந்தப் பந்தலே தேவப்பட்டிருக்காதே சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

திருமுருகனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நல்ல மனிதரை நாய் மாதிரி விரட்டினோமே, அந்த அவமானம்தான் அவர் உயிரைக் குடித்துவிட்டது என்று மனம் அடித்துக்கொண்டது. இனிப் போய் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? மாலையைத் துணி மறைப்பின் ஓரமாக வைத்தார். ஆபீசில் யாராவது தவறிவிட்டால் எல்லாரும் எழுந்து நிற்பார்களே, அதைத் தவிர அவருக்கு வேறு மரியாதை தெரியவில்லை.

ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் மௌன அஞ்சலி செலுத்தணும்."

"அய்யோ, நிறுத்தாதீங்க!" என்று தமிழரசு துள்ளி எழுவதற்குள், அதிகாரி சொல்கிறாரே என்று மேளம் சட்டென்று நின்றுவிட்டது.

திருமுருகன் கண்ணை மூடித் தலை குனிந்தார். தெருவே அமைதியானது. மறைப்புக்கு உள்ளே, தரைக்கு அடியில், கடப்பாரை விழும் சத்தம் மட்டும் நங், நங் என்று கேட்டது. அதுவும் நின்றது. குழிக்குள்ளிருந்து அந்தக் கட்டைக் குரல் வந்தது.

"இன்ஜினீரு போயிட்டாரா நைனா? பைப்ப எறக்கு!"