மற்றவை இதேபோல

"நான் சொல்றதை முழுசா—"

"கேட்டாச்சு அக்கா, முழுசாக் கேட்டாச்சு, நாலு மணிக்கு மேல பேசலாம்னுதான்—"

"நாலு மணிக்கு மேல பேசினா அதுக்குப் பேரு பேச்சு இல்லடா. மன்னிப்பு."

தம்பி ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவனை 'டா' போட்டுப் பேச ஒரே ஆளுக்குத்தான் உரிமை. மாணவர்களுக்கு அவன் கோடு சார். கோட்டுக்கு மேல் காரணம், கீழே முடிவு என்று பலகை முழுக்க நிரூபணங்களை மரம்போல வளர்த்துக்கொண்டு போவதால் வந்த பெயர்.

அறைக் கடிகாரம் இரண்டேகால் காட்டியது. அலமாரிக் கதவில் இஸ்திரி போட்ட சட்டை தொங்கியது. நாலு மணிக்குக் கீழ்த்தளத்து அரங்கில் அவனுக்கு விருது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பெயரில் வந்த ஒரு தேற்றத்துக்கு.

தேற்றம் எளிமையானதுதான். ஒரு நிரூபணத்தின் நடுவே ஓர் உதவிக் கூற்றைக் கூட்டிவருவார்கள். கோட்டுக்கு மேல் இரண்டு கிளையிலும் நின்று அது வேலை செய்யும். கோட்டுக்குக் கீழே, முடிவில், அதன் சுவடே இருக்காது. வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயரே வெட்டு. அவன் கட்டிய தர்க்கத்தில் எந்த வெட்டும் இல்லாமலேயே எல்லாவற்றையும் நிரூபித்துவிடலாம் என்பது தேற்றம்.

அதற்கு, வெட்டைப் படிப்படியாக மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் குறைய வேண்டும். குறையாவிட்டால் தள்ளுவதற்கு முடிவே கிடையாது.

தள்ளுவதில் நாற்பத்தொன்பது விதம். முப்பத்தாறு விரிவாக எழுதப்பட்டிருந்தது. அதன்பின் ஒரே வரி: மற்றவை இதேபோல.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வரியில் யாரும் நிற்கவில்லை. படித்தவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். அவர்களும் அவரவர் கட்டுரையில் அப்படித்தான் எழுதுகிறவர்கள்.

அக்கா நின்றாள். தேடிப்போய் நிற்கவில்லை. விருதுக்குப் பரிசாகப் பழைய கையெழுத்துப் படியை அட்டை போட்டுக் கொடுக்கலாம் என்று பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். பாதி நீல மை, பாதி கறுப்பு மை. அவனுக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே துறையில் படித்துவிட்டு ரயில்வே வேலைக்குப் போனவள் அவள். படிக்க ஆரம்பித்தவளுக்கு அட்டை போடுவது மறந்துபோனது.

இப்போது அந்தக் கட்டு மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் மூன்று வாரமாக எழுதிய தாள்கள். அகலம் போதாமல் ஒன்றோடொன்று ஒட்டியவை. மடிப்பைப் பிரித்தால் மேசையைத் தாண்டித் தரைக்கு இறங்கின.

எழுதாமல் விட்ட பதின்மூன்றில் பன்னிரண்டு விதம் 'இதேபோல'த்தான் வந்தன. முப்பத்தேழாவது வரவில்லை. அங்கே உதவிக் கூற்று இரண்டு முறை வந்து ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. மேலே தள்ளினால் ஒரு வெட்டு இரண்டாகிறது. அதில் ஒன்று, எண் குறையாமல், இருந்த உயரத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தம்பி விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தான். தப்பு இல்லை என்று அவன் சொல்லவில்லை. ஏதாவது வழி இருக்கும், ஆறு நாட்டில் ஆட்கள் இதன்மேல் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்குப் பார்த்து அஸ்திவாரத்தில் கடப்பாரை போடாதே, ஒரு மாசம் கொடு, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றான்.

ரயில்வேயில் அவள் கால அட்டவணை போடுகிறவள். 'மற்ற வண்டிகள் இதேபோல' என்று தன் ஆபீசில் எழுதினால் இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிக்கும் என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

இன்றைக்கே சொல்ல வேண்டும், மேடையிலேயே, கைதட்டு வாங்குவதற்கு முன்னால். இல்லையென்றால் முதல் வரிசையிலிருந்து எழுந்து தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சொன்னால் செய்துவிடுகிற ஆள் என்று அவனுக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். வந்ததிலிருந்து மூன்றாவது முறை. அவள் உட்காரவில்லை.

கடைசியில் எழுந்து சட்டையை மாட்டினான். பொத்தான் போட்டபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சொல்லிடறேன். அவசரத்துல எழுதின வரி, என் தப்பு, தேற்றத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்லிடறேன். போதுமா?"

பழைய கட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைக்கப் போனான். அவள் அதைக் கொண்டுவந்து வைத்ததும் முதல் காரியமாகக் கவிழ்த்துப் போட்டவனும் அவன்தான்.

அக்கா இழுப்பறையைக் கையால் தடுத்தாள். கட்டை வாங்கி நிமிர்த்தி, பக்கத்தைப் புரட்டி அவன் முன்னால் வைத்தாள்.

இருபதாவது விதத்தின் நடுவில் நீல மை நின்றுபோயிருந்தது. அந்த மாசம் அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு மை, உருண்டை உருண்டையான எழுத்து. மேசையிலிருந்து தரைவரை இறங்கிய தாள்களில் இருப்பதும் அதே எழுத்துதான்.

'மற்றவை இதேபோல'வும்.

"கைதட்டுல பங்கு வேண்டாம்னு அன்னைக்கு நானேதான் சொன்னேன். இது என் தப்புடா. இதுக்காவது என் பேரைச் சொல்லு."