குதிர்மேலிருந்து விழுந்த பெயர்

கம்புக் குதிரின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வயது எழுபத்தெட்டு.

ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டேன். என் மகன் சேமூ அடுத்த வளவுக்கு வேறு ஏணி வாங்க ஓடினான்.

கீழே முற்றம் நிறைய ஜனம். மருமகள் ஞிலான் கையில் என் பேரன். பிறந்து எட்டாம் நாள், இன்னும் பெயரில்லை. என் பெயரைத்தான் வைக்கப் போகிறார்கள். பெயருக்கு உரியவன் குழந்தையை வாங்கி, காதோடு வாயை வைத்து மூன்று தரம் சொல்லி, லேசாகத் துப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் தயிர் ஊற்றிய கம்பங்கூழ்.

கூழ் ஆறிக்கொண்டிருந்தது. ஜனங்களுக்கு அவசரம்.

"மாமா, இறங்கி வாங்க. எட்டாம் நாளைத் தள்ளிப்போடக் கூடாது!" என்றாள் ஞிலான்.

"வர மாட்டாரும்மா," என்றான் மலாங். டாக்காருக்கு வெகு தெற்கே, காசமான்சிலிருந்து வந்த தையல்காரன், ஜோலா இனம். நாங்கள் செரேர். இரண்டு இனத்துக்கும் கேலி முறை. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாற்பது வருஷமாக அவன் அந்தச் சலுகையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. "பேரு வச்சா ஆட்டுக்குட்டி குடுக்கணும்ல? இந்தக் கம்புத் தின்னிக்கு அது தொண்டையிலேயே சிக்கிக்கிச்சு!"

"சிக்கல் தொண்டையிலதான்டா, சோத்து மூட்டை!"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பழக்கமில்லாத வேலை.

இரண்டு வாரமாக எனக்கு இருமல். மருந்தகத்து நர்ஸ் என் மூக்கில் குச்சி விட்டு எடுத்து அனுப்பியிருந்தாள். முந்தின நாள்தான் முடிவு வந்தது. கக்குவான். மாத்திரை தந்து, அஞ்சு நாளைக்குப் பச்சைக் குழந்தை பக்கமே போகாதே என்றிருந்தாள்.

"இங்க பாருங்க," என்றேன். "என் மூச்சுக்குழாய்க்குள்ள கோடி முடி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் ஒரு துடைப்பம். நொடிக்குப் பத்துத் தரம், எல்லாம் சேர்ந்தாப்ல வீசிச் சளியை மேல தள்ளும். இப்ப ஒரு கிருமி வந்து அந்த முடியைப் புடிச்சுத் தொங்குது. அதோட விஷத்துல துடைப்பக்காரனெல்லாம் செத்து உதிருறான். கூட்ட ஆளில்ல, குப்பை தேங்குது, அதான் இருமுறேன். மாத்திரை கிருமியைக் கொன்னுடும். ஆனா முடி திரும்ப முளைக்க மாசக்கணக்காகும். இது புள்ளைக்கு ஒட்டுச்சுன்னா அதுக்கு இருமக்கூடத் தெரியாது. மூச்சு அப்படியே நின்னுடும்."



"தலையில ஒரு முடி இல்ல," என்றான் மலாங், "தொண்டைக்குள்ள கோடி முடியாம்!"

முற்றமே உருண்டு சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். கெளுத்தி மீன் என் ரேடியோவை விழுங்கிவிட்டு, சாலூம் ஆற்றுக்குள்ளிருந்து செய்தி வாசித்ததாக நான் அளந்த கதைக்குக்கூட இவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. அதிலாவது பாதி உண்மை, ரேடியோ என்னுடையதுதான்.

சேமூ ஏணியோடு வந்துவிட்டான். குதிரில் சாய்த்தான். ஞிலான் சிரித்துக்கொண்டே, குழந்தையை ஒரு கையில் அணைத்து, முதல் படியில் கால் வைத்தாள்.

அப்போது பார்த்து இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூச்சுவிட இடமில்லாமல் பதினைந்து, பதினாறு. கடைசியில் காற்றை உள்ளே இழுத்தபோது தொண்டை சேவல் மாதிரிக் கூவியது. கூரையிலிருந்து வைக்கோல் உதிர்ந்தது.

ஜனங்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மலாங் மட்டும் சிரிக்கவில்லை.

ஞிலான் இரண்டாம் படியில் இருந்தாள்.

"நில்லு!" என்றேன். "நேத்து எங்கப்பா கனவுல வந்தாரு."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"பேரு மேலேருந்து விழணுமாம், மழை மாதிரி. புள்ள முப்பதடி தள்ளி, அந்தப் புளியமரத்தடியில இருக்கணுமாம்."

என் அப்பா உயிரோடு இருந்தபோது இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. யாரும் அதை யோசிக்கவில்லை. ஞிலானின் கால் தரைக்கு இறங்கியது.

"எங்க ஊர்லயும் இதான் முறை," என்றான் மலாங், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல். "நீங்க எப்படி மறந்தீங்கன்னு நாப்பது வருஷமா ஆச்சரியப்பட்டுக்கிட்டிருக்கேன்."

அப்படியொரு சுத்தமான பொய்யை நான்கூடச் சொன்னதில்லை.

குழந்தையைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. "லாத்தீர்!" என்றேன். "லாத்தீர்!" மூன்றாவது லாத்தீரோடு இருமலும் சேர்ந்து வந்து, கூவலில் முடிந்தது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததாம். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் கூழ் சுரைக்குடுவையில் மேலே ஏறி வந்தது.

சின்ன லாத்தீருக்கு இப்போது ஆறு வயது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. ஒரு நாள் இருமியதில்லை. நான் கொடுத்த குட்டி ஏழு ஆடாகிவிட்டது. அவன் பதினேழு என்கிறான். என் பெயர் அல்லவா.

எங்கள் ஊரிலும் சுற்றி நாலு ஊரிலும் இப்போது பெயரைக் குதிர்மேலிருந்துதான் சொல்கிறார்கள். மூன்று தரம் சொன்னதும், சொன்னவர் அடுக்காக இருமி, ஒரு தரம் கூவ வேண்டும். கூவல் சரியாக வராவிட்டால் திரும்பவும் ஏறச் சொல்வார்கள். நர்ஸ் எல்லாவற்றுக்கும் வந்து, கூழ் குடித்துவிட்டுப் பேசாமல் போகிறாள்.

போன மாதம் டாக்கார் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். இந்தச் சடங்கு எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று கேட்டாள்.

"ஏழு," என்றேன்.

"எட்டு," என்றான் மலாங்.

எட்டு என்று எழுதிக்கொண்டாள்.

கடைசியில் அந்த இருமலும் கூவலும் எதற்கு என்று கேட்டாள். அவ்வளவு தூரம் வெயிலில் வந்தவள். ஏமாற்ற மனம் வரவில்லை. மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் கோடித் துடைப்பங்களைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவிட்டாள்.