ஐந்தாவது பூட்டு

ஐந்தாவது பூட்டும் திறந்துகொண்டபோது பிரேம்குமார் தலையை நிமிர்த்தினான். அடுக்களைப் பக்கம் காது கொடுத்தான். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவன் கையில் இருந்தது மனைவி கார்குழலியின் செல்போன். தினமும் மதியம் சாப்பிட்டதும் அதை வாங்கி, யார் பேசினார்கள், யார் எழுதினார்கள் என்று பார்ப்பது மூன்று வருடப் பழக்கம். இன்று பெயர் பதியாத ஒரு நம்பரிலிருந்து லிங்க் ஒன்று வந்திருந்தது. தொட்டதும் ஒரு விளையாட்டு திறந்தது. வீட்டுக் கதவின் படம், அதில் வரிசையாக ஐந்து பூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிர்.

முதல் பூட்டு ஒரு பைக்கைக் காட்டி அதன் நம்பரைக் கேட்டது. அவனுடைய பைக். இரண்டாவதில் கலைந்து கிடந்த எழுத்துகளைச் சேர்த்தால் அவன் கடையின் பெயர் வந்தது. மூன்றாவதில் துண்டுகளைப் பொருத்தினான், அவர்களுடைய கல்யாணப் போட்டோ. ‘சாவி எங்கே இருக்கும்?’ என்றது நான்காவது. சுவர், மேசை, இடுப்பு என்று மூன்று விடைகள். தான் எப்போதும் சாவியைச் செருகி வைக்கும் இடுப்பைத் தொட்டதும் திறந்துகொண்டது. ஐந்தாவதற்கு நாலு இலக்க எண். கார்குழலியின் போனுக்கு அவனே போட்டு வைத்திருந்த எண்ணை அடித்தான்.

கதவு திறந்தது.

‘இன்னிக்கு நாலு மணி. அரியாங்குப்பம், பாலம் தாண்டி மொத பஸ் ஸ்டாப். நீலச் சட்டையில நிப்பேன். எதையாச்சும் சொல்லிட்டு வந்துடு.’

அதற்குக் கீழே பொடி எழுத்தில் அந்த இணையதளத்தின் விளம்பரம்: ‘நீங்களும் இலவசமாகப் புதிர் விளையாட்டு உருவாக்கலாம். ப்ரோகிராமிங் தெரியத் தேவையில்லை.’

“எந்தப் பொறுக்கி வேணா செய்யலாம்னு சொல்லு” என்று பல்லைக் கடித்தான். எவனோ ஒருத்தன் தன் வீட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்கிறான். இவள் சொல்லாமல் எப்படித் தெரியும்? அந்த நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தான். ஸ்விட்ச் ஆஃப்.

கார்குழலி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். போன மாதம் அவன் அடித்ததில் விழுந்த கீறல் மணிக்கட்டில் இன்னும் மறையவில்லை.

“ஏதோ கேம் வந்திருக்குது?” என்றான்.

“தெரியலீங்க. நான் இன்னும் தொறக்கவே இல்ல. உள்ள இன்னா இருக்குது?”

“ஒண்ணுமில்ல. சும்மா கொழந்தைங்க வெளையாட்டு.” போனைத் திருப்பிக் கொடுத்தான்.

முதலியார்பேட்டையில் அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். முன்னறையில் அவனுடைய செல்போன் ரிப்பேர் கடை. யாரும் திரும்ப வாங்காத பழைய போன்களும் சிம்களும் மூலையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். யார் வெளியே போனாலும் அவன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் வெளியே போனால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் போவான். அவள் அம்மாவின் சாவுக்குக்கூட அவனே கூட்டிப் போய், பிணம் எடுத்ததும் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

மூன்று மணிக்கு அவள் கடைக்குள் வந்து தயங்கி நின்றாள்.

“சாயங்காலம் கோயிலுக்குப் போய்ட்டு வரட்டுமாங்க?”

அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். எதையாச்சும் சொல்லிட்டு வந்துடு. வேறு நாளாக இருந்தால் கைதான் பேசியிருக்கும். ஆனால் இப்போது இவளை அடித்தால் அந்த ஆள் தப்பிவிடுவான். இரண்டு பேரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்.

சிரித்தான். “தாராளமா போய்ட்டு வா. நானும் கடலூர் வரைக்கும் போறேன், டிஸ்ப்ளே வாங்கணும். வர ஏழு மணி ஆயிடும்.”

“ஷட்டர்?”

“தெறந்தே இருக்கட்டும். நீ போறப்போ இறக்கி வுட்டுட்டுப் போ.”

மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பூட்டாமல் கிளம்பினான். வண்டிப் பெட்டியில் ஒரு இரும்புக் கம்பியைப் போட்டுக்கொண்டான்.

பாலம் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில் கம்பியைக் காலோரம் வைத்துக்கொண்டு மறைவாக உட்கார்ந்தான். புதுச்சேரியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கிய பெண்களின் முகத்தைப் பார்த்தான். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்து நின்றான். மணி பார்த்தான். பாலத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

பிரேம்குமாரின் விரல்கள் கம்பியை இறுக்கின. அவள் இறங்கட்டும், அவள் இறங்கினால் போதும்.

பஸ் வந்தது. காய்கறிக் கூடையோடு ஒரு கிழவி இறங்கினாள். நீலச் சட்டைக்காரன், “ஏம்மா இவ்ளோ நேரம்?” என்று கூடையை வாங்கிக்கொண்டு அவளோடு நடந்து போனான்.

அடுத்த பஸ்ஸும் போனது. அதற்கடுத்ததும் போனது. மணி நாலரை. டீ ஆறிப்போயிருந்தது. வீட்டுக்கு அடித்தான், கார்குழலியின் போன் எடுக்கப்படவே இல்லை. அந்தப் பெயரில்லாத நம்பரை மறுபடி போட்டான்.

இந்தத் தடவை மணி அடித்தது. எடுத்தார்கள்.

“டேய், எவன்டா நீ? நான் இங்க பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். ஆம்பளையா இருந்தா முன்னால வாடா!”

எதிர்முனையில் பஸ் எஞ்சின் உறுமியது. “திண்டிவனம், சென்னை! ஏறுங்க, ஏறுங்க, வண்டி கெளம்பிடுச்சு!” என்று கண்டக்டர் கத்துவது கேட்டது. கதவு சாத்தும் சத்தம் வந்தது.

பிறகு ஒரு பெண் குரல். தினமும் அவனுக்குப் பயந்து பயந்தே பேசிய குரல், இப்போது நிதானமாக இருந்தது.

“நீலச் சட்டைன்னு யாரும் இல்லீங்க. அந்த கேமை நான்தான் செஞ்சேன்.”