வாசப்படி ஏறாத ஐஸ்

"மீன்காரன் ஐஸா? இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்!"

தங்கம்மாள் போட்ட சத்தம் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மருமகள் சந்திரகலா கடைவாயில் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் டாக்டர் அவளுடைய ஞானப்பல்லைப் பிடுங்கியிருந்தார். மரப்பு தெளியத் தெளிய வலி காது வரை ஏறியது. கன்னம் பன் மாதிரி உப்பிக்கொண்டே வந்தது.

"ரெண்டு நாளைக்கு ஐஸ் ஒத்தடம் குடுங்க. பத்து நிமிஷம் வைங்க, பத்து நிமிஷம் எடுங்க. சூடா எதுவும் குடிக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரில் தங்கைக்குக் கல்யாணம். இன்னும் மூன்றே நாள். இந்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது என்று சந்திரகலாவுக்கு அழுகையாக வந்தது.

ஃபிரிஜ்ஜைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த தெரு அது. "மீன் மார்க்கெட்ல வாங்கியாறேன்" என்று புருஷன் வேணு சொன்னதற்குத்தான் இந்தச் சத்தம். கார்த்திகை மாசம். தீபம் முடிகிற வரை தங்கம்மாளுக்குக் கவிச்சி வாசனைகூட ஆகாது. வேணு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். மகா வீரன்!

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பெத்த பொண்ணா இருந்தா இப்படி வுட்ருப்பாளா?"

சாயங்காலம் தங்கம்மாள் குடையை எடுத்தாள். "கோயிலுக்குப் போறேன்."

திரும்பி வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போய்க் குரல் கொடுத்தாள்.

"சந்திரா, கெணத்தாண்ட வா. துண்டு எடுத்துக்கினு வா."

கிணற்றடிக் கொட்டகையில், மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி ஒன்று சாக்கில் இருந்தது.

"ஏது அத்தை?"

"சர்பத் கடைக்காரன் குடுத்தான். வாயத் தொறக்காதே, வலிக்கும்."

தங்கம்மாள் தன் கையாலேயே ஒத்தடம் கொடுத்தாள். வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் முடித்ததும் அவள் செய்த காரியம்தான் சந்திரகலாவைச் சுட்டது. கொட்டுகிற மழையில், உடுத்திய புடவையோடு நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வந்தாள்.

"ரத்தம் வந்த வாயி, தீட்டாம்! தொட்டுட்டுத் தலை முழுவுறா பாரு" என்றாள் பச்சையம்மாள்.

மறுநாளும் அதே கோயில், அதே கிணற்றடி, அதே நாலு வாளி. தங்கம்மாள் தும்ம ஆரம்பித்தாள். 'அவ்வளவு அருவருப்பா நான்?' என்று சந்திரகலா தலையணையை நனைத்தாள்.

வியாழக்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்தவளுக்கு உயிர் வந்தது. வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளித்தாள், வலி தெரியவில்லை. ஆறின ரசம் சாதம் ஒரு தட்டு உள்ளே போயிற்று. அப்பாடா!

ஒத்தடத் துண்டை அலசக் கிணற்றடிக்குப் போனாள். மதிலுக்கு மேல் பச்சையம்மாள்.

"வீக்கம் கம்மியாயிடுச்சே! ஐஸ் எங்க வாங்கினா உங்க அத்தை?"

"சர்பத் கடையிலக்கா."

"சர்பத் கடையா? மழைக்கு அவன் கடையை மூடிப் பத்து நாளாச்சேடி!"

சந்திரகலா துண்டை உதறினாள். கால் ரூபாய் அளவுக்கு ஏதோ ஒன்று பளபளவென்று விரலில் ஒட்டிக்கொண்டது.

மீன் செதில்.

உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டது. "சந்திரா! பொட்டி கட்டிட்டியா? அந்த மூஞ்சியோட போனா நான்தான் அறைஞ்சேன்னு சொல்லுவாங்கடி உங்க ஊர்ல!"

"இன்னாடி அது கையில?" என்று பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

சந்திரகலா விரலை மடக்கிக்கொண்டாள். அந்த நாலு வாளி எதற்கென்று புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா. எங்க அத்தை கேட்டாங்கன்னு, கடையைத் தொறந்து குடுத்தானாம்."

சொன்ன சொல்லைத் தங்கம்மாள் மீறவில்லை. மீன்காரன் ஐஸ் கடைசி வரை வாசப்படி ஏறவில்லை.