முதுகில் ஒட்டிய வரி

கெலுகோர் பல்கலைக்கழக அறையில் சாயங்கால வெயில் வெள்ளைப்பலகையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. ரெஜினா கணித நிரூபணத்தை மேலிருந்து வாசித்துக்கொண்டே வருகிறாள்: எந்தப் பனாக் வெளியிலும் அவர்கள் இருவரும் அமைத்த லிப்ஷிட்ஸ் சார்பு தூரங்களை மூன்று மடங்குக்கு மேல் நீட்டாது. வரிக்கு வரி சண்டை பிடிக்கும் சக ஆய்வாளன் ஹபிபுல்லா இன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். பலகையில் சாய்ந்தவன் அங்கிருந்து அசையவே இல்லை. அதுதான் அவளை உறுத்துகிறது. அவன் சாய்ந்திருக்கும் இடத்தில்தான் அவன் எழுதிக்கொடுத்த, நிரூபணத்தையே தாங்கி நிற்கும் துணைத்தேற்றம் இருக்கிறது. “எல்லாம் ஓகேலா அக்கா, இன்னிக்கே ஜர்னலுக்கு அனுப்பிடலாம்.” “கொஞ்சம் தள்ளு தம்பி.” தள்ளுகிறான். பலகையில் அந்த வரி அழிந்து மங்கலாகக் கிடக்கிறது. “திரும்பு.” அவன் மெதுவாகத் திரும்புகிறான். வெள்ளைச் சட்டையின் முதுகில் அவனுடைய துணைத்தேற்றம் நீல மையில் இடம்வலம் மாறி ஒட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில், காலையில் இல்லாத, பிழை கண்ட வரியில் அவன் வழக்கமாகப் போடும் சிவப்பு மைக் கேள்விக்குறி.